மெயின் ரோட்டில் ஐந்து கடையா, உள்ரோட்டில் இரண்டு ஷெட்டா?

மச்சினனுக்குத் தோட்டப் பாகம் விற்ற பணம் கைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வரிக்கு ஒதுக்கியது போக 1 கோடியே 30 லட்சம். கோவைப் பக்கத்து அன்னூரைத் தாண்டி இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறான். இரண்டும் 20 சென்ட். ஒன்று மெயின் ரோட்டு மேலேயே, 80 அடி முகப்பு. இன்னொன்று அங்கிருந்து முந்நூறு மீட்டர் உள்ளே, 30 அடி மண் ரோட்டில். புரோக்கர் மெயின் ரோட்டு இடத்தைத் தலையில் கட்டத் துடிக்கிறார். "ஏனுங்க, ரோட்டு மேல இடம், கடை கட்டிப் போட்டா உக்காந்து சாப்பிடலாமுங்க" என்பது அவர் மந்திரம். "மாமா, நீங்க சொல்லுங்க" என்று அவன் என்னிடம் வந்ததற்குக் காரணம், ஒரு வரிசைக் கடையும் ஒரு ஜோடி ஷெட்டும் கட்டி, இரண்டிலும் அடிபட்டவன் நான் என்பதுதான்.

அவனிடம் நான் முதலில் சொன்னது: இடத்தை வாங்கிவிட்டு என்ன கட்டலாம் என்று யோசிக்காதே. என்ன கட்டப்போகிறாய் என்று முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற இடத்தை வாங்கு. மெயின் ரோட்டு விலை என்பது முகப்புக்குக் கொடுக்கிற விலை. பேக்கரிக்காரர் அந்த முகப்புக்கு வாடகையில் காசு கொடுப்பார். லேத் பட்டறைக்காரர் கொடுக்க மாட்டார். அவருக்கு வண்டி வந்து போக வழியும், பவரும், உயரமும் இருந்தால் போதும்.

இதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். விலையும் வாடகையும் ஊருக்கு ஊர் மாறும். கீழே வருவது ஒப்பிட்டுப் பார்க்க நான் வைத்துக்கொண்ட அளவு. உங்கள் ஊர் எண்ணை அதன் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மெயின் ரோட்டு இடம் சென்ட் 6 லட்சம் என்றால் 20 சென்டுக்கு 1 கோடியே 20 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். 12 அடி அகலம், 25 அடி நீளத்தில் ஐந்து கடை, மேலே அதே அளவு ஹால், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் சேர்த்து 3,300 சதுர அடி. சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்றால் 75 லட்சத்து 90 ஆயிரம். மொத்தம் 2 கோடியே 6 லட்சத்து 70 ஆயிரம். கீழ்க்கடை ஒவ்வொன்றும் 15,000, மேல் ஹால் 27,000 என்று எல்லாம் நிரம்பினால் மாதம் 1 லட்சத்து 2 ஆயிரம். வருடத்துக்கு 12 லட்சத்து 24 ஆயிரம். போட்ட பணத்துக்கு 5.9 சதவீதம்.

அதே மெயின் ரோட்டு இடத்தில் தலா 1,800 சதுர அடியில் இரண்டு ஷெட் போட்டால் கட்டுமானம் மலிவு. இரும்புத் தூண், தகரக் கூரை, கான்கிரீட் தரை, காம்பவுண்டு எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 1,300 வைத்தால் 46 லட்சத்து 80 ஆயிரம். வாடகை சதுர அடிக்கு 20 ரூபாய் என்றால் மாதம் 72,000. வருமானம் 4.9 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. முகப்புக்குக் கொடுத்த காசு அங்கே வீணாய்க் கிடக்கிறது.

இப்போது உள்ரோட்டுக்கு வாருங்கள். சென்ட் 3 லட்சம். நிலம் 60 லட்சம், பதிவு 5 லட்சத்து 40 ஆயிரம், அதே ஷெட் 46 லட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 1 கோடியே 12 லட்சத்து 20 ஆயிரம். வாடகையைச் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைத்து 18 என்று வைத்தாலும் மாதம் 64,800 வருகிறது. 6.9 சதவீதம். நிலத்தின் விலை பாதியாகிவிட்டது, வாடகை பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது.

இதைக் காட்டியதும் மச்சினன், "இவ்வளவுதானா மாமா? பேங்கில் டெபாசிட் போட்டாலே இது வந்துவிடுமே" என்றான். உண்மைதான். வாடகையை மட்டும் பார்த்து இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நிலம் ஏறும் என்ற நம்பிக்கைதான் மீதிக் கணக்கு. அது ஏறும்வரை கையைக் கடிக்காமல் இடத்தைக் காப்பாற்றிக்கொடுப்பது கட்டடத்தின் வேலை. அப்படிப் பார்த்தால் வேறொரு கேள்வி முன்னால் வருகிறது: கடன் எவ்வளவு?

கடைத் திட்டத்துக்கு அவன் கைப்பணம் போக 76 லட்சத்து 70 ஆயிரம் கடன் வேண்டும். 10 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 82,400. எல்லாக் கடையும் நிரம்பி, மேல் ஹாலும் போனால் மிச்சம் இருபதாயிரத்துக்குள். ஒரு கடையும் மேல் ஹாலும் காலியாக இருந்தால் வாடகை 60,000. மாதம் 22,400 சொந்தக் கையிலிருந்து போடவேண்டும். ஷெட் திட்டத்தில் கடனே இல்லை, 17 லட்சத்துச் சொச்சம் மீதியும் இருக்கும். அந்த மீதி கண்டிப்பாகத் தேவைப்படும், ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மேல் ஹால் காலியாக இருக்குமா என்று கேட்பவர்களுக்கு என் கதை. நான் கட்டிய வரிசைக் கடையில் கீழே இருந்த நாலும் மூன்று மாதத்தில் போய்விட்டன. மாடி ஒரு வருடமும் ஏழு மாதமும் காலி. படிக்கட்டைக் கட்டடத்துக்குப் பின்பக்கம் வைத்ததுதான் நான் செய்த தப்பு. முன்னால் வைத்தால் ஒரு கடைக்கான இடம் போகிறதே என்று பார்த்தேன். வருகிறவர்கள் எல்லாரும் சந்துக்குள் நுழைந்து, அந்த இருட்டுப் படியில் நாலு படி ஏறி, திரும்பிப் பார்த்து, "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று போய்விடுவார்கள். கடைசியில் ஒரு டியூஷன் சென்டர் பாதி வாடகைக்கு வந்தது. படிக்கட்டை முன்னால் கொண்டுவந்து, அதற்கு மேலே ஒரு போர்டு வைக்க இடம் விட்டிருந்தால் அந்த இழப்பு இல்லை.

ஷெட்டிலும் நான் தப்பிக்கவில்லை. இரண்டு ஷெட்டையும் ஒட்டிப் போட்டு, நடுவில் ஒரே தண்ணீர்க் கால்வாயாகத் தகரக் கட்டரை வைத்தார் ஃபேப்ரிகேஷன்காரர். ஐப்பசி மழை ஒரு ராத்திரி கொட்டியதில், பக்கத்துத் தென்னை மட்டை கட்டர் வாயை அடைத்து, தண்ணீர் உள்ளே வழிந்து, வாடகைக்கு இருந்தவரின் அட்டைப்பெட்டி அடுக்கு முழுக்க ஊறிப்போனது. காலையில் போனபோது பெட்டிகள் ரவாதோசை மாதிரிக் குழைந்து கிடந்தன. இரண்டு மாத வாடகையைத் தள்ளிக் கொடுத்தேன். இனிமேல் கட்டினால் இரண்டு கூரையும் வெளிப்பக்கமாகத்தான் சரியும்.

வாடகைக்கு வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதில்தான் இரண்டும் ரொம்ப வேறுபடுகின்றன. கடைக்கு வருகிறவர் அட்வான்ஸ் கொடுத்து, அலமாரி அடித்து, ஏழெட்டு மாதம் வியாபாரம் ஓடவில்லை என்றால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார். மொபைல் கடை போய் ஜூஸ் கடை வரும், அது போய் பிரியாணி வரும். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மாதம் காலி, ஒரு தடவை வெள்ளையடிப்பு. பட்டறைக்காரர் அப்படி இல்லை. மெஷினை இறக்கி, லெவல் பார்த்து, போல்ட் அடித்து, பவர் வாங்கியவர் அவ்வளவு லேசில் கிளம்ப மாட்டார். ஆனால் கிளம்பிவிட்டால் ஒரே நாளில் பாதி வருமானம் போய்விடும். மேலே சொன்ன உள்ரோட்டுக் கணக்கில் ஒரு ஷெட் காலியானால் வருமானம் 3.5 சதவீதம், மெயின் ரோட்டில் ஒரு கடையும் மாடியும் காலியானாலும் அதே 3.5 சதவீதம். வித்தியாசம், ஒருவனுக்குத் தவணை இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை.

அதனால்தான் ஷெட்டைக் கட்டும்போதே பிரிக்கவும் சேர்க்கவும் வசதியாகக் கட்டச் சொல்கிறேன். 1,800 சதுர அடி ஷெட்டை 900, 900 ஆகப் பிரிக்க நடுவில் ஹாலோபிளாக் சுவரும், இரண்டு பக்கமும் தனித்தனி ஷட்டரும், தனித்தனிக் கழிப்பறையும், தனி மீட்டர் பெட்டிக்கு இடமும் முதலிலேயே இருக்கட்டும். முன்பக்கம் பத்தடிக்குக் கண்ணாடிக் கதவு, அதற்கு மேலே ஒரு சின்ன ஆபீஸ் தட்டு. அப்போது அது பட்டறைக்கும் ஆகும், பைப் மொத்த வியாபாரிக்கும் ஆகும், ஆன்லைனில் துணி விற்கிறவர் பேக்கிங் செய்யவும் ஆகும். கூரை ஓரத்தில் 18 அடி உயரம், ஷட்டர் 12 அடி அகலம் 14 அடி உயரம் இருந்தால் ஐஷர் லாரி நேராக உள்ளே போய் நிற்கும். வீடுகள் நெருங்கி வருகிற பக்கமாக இருந்தால் பத்து நிமிட டெலிவரிக் கம்பெனிகளும் தரைத்தளத்தில் இந்த மாதிரி இடத்தைத் தேடுகின்றன; அவர்களுக்கு வாசலில் முப்பது டூவீலர் நிற்க இடம் வேண்டும்.

கோவைப் பக்கம் ஷெட் பார்க்க வருகிறவர் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது "பவர் எத்தனை ஹெச்பி இருக்குதுங்க?" என்பதைத்தான். தாழ்வழுத்த இணைப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் உயரழுத்தம். ரோட்டோர டிரான்ஸ்ஃபார்மரில் மிச்சம் இல்லை என்றால் புதிது வைக்கும் செலவு விண்ணப்பிப்பவர் தலையில் விழலாம். மச்சினனின் 17 லட்சம் மீதி இதற்கும், போர்வெல்லுக்கும், மண் ரோட்டில் ஜல்லி கொட்டுவதற்கும்தான். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், அந்த டிரான்ஸ்ஃபார்மர் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, மாஸ்டர் பிளானில் அந்தச் சர்வே எண் குடியிருப்பா, வணிகமா, தொழிலா, விவசாயமா என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை குதிரைத்திறன் ஓட்டலாம் என்பது இருக்கிறது. விவசாயம் என்றால் நிலப் பயன்பாட்டை மாற்றாமல் பிளான் கிடைக்காது.

வரியில் ஒரு நுணுக்கம். கடை வாடகையும் ஷெட் வாடகையும் வருமான வரியில் வீட்டுச் சொத்து வருமானமாகத்தான் போகும். சொத்து வரி கழித்து, மீதியில் 30 சதவீதம் கணக்குக் கேட்காமல் கழிவு கிடைக்கும், கடன் வட்டியும் கழியும். வெறும் நிலத்தை வாடகைக்கு விட்டால் அது இதர வருமானம், அந்த 30 சதவீதம் கிடையாது. இந்த வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வருட மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் நீங்கள் பதிவு எடுக்க வேண்டும், ஆனால் அந்த 20 லட்சத்தில் உங்கள் வேறு தொழிலின் வரவும் சேரும். தாண்டிவிட்டால் கடைக்காரர்களிடம் சிக்கல். ஜாப் வொர்க் செய்கிற பட்டறைக்காரர் பதிவு உள்ளவர், கட்டிய 18 சதவீதத்தைத் தன் வரியில் கழித்துக்கொள்வார். சலூன்காரருக்கு அது சுத்தச் செலவு. 15,000 வாடகைக்கு 2,700 மேலே கொடு என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். நீங்கள் பதிவு எடுக்காமல் இருந்து, வாடகைக்கு இருப்பவர் பதிவு உள்ளவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை அவரே நேராகக் கட்ட வேண்டும். விற்பனையில் ஒரு சிறு பங்கை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பிறகு விலக்கு கொடுத்தார்கள். சிமெண்டிலும் கம்பியிலும் நீங்கள் கட்டுகிற ஜிஎஸ்டி திரும்பி வராது. சொந்தமாகக் கட்டி வாடகைக்கு விடும் கட்டடத்துக்கு உள்ளீட்டு வரிக் கழிவைச் சட்டம் தடுத்திருக்கிறது. கட்டுமானச் செலவை எண்ணும்போது வரியோடு எண்ணுங்கள்.

வெறும் நிலத்தை விடுவதைப் பற்றிச் சொன்னேன். மச்சினனுக்கு மூன்றாவதாக அந்த யோசனையும் இருந்தது: மெயின் ரோட்டு இடத்தைக் கடன் இல்லாத அளவில், பத்து சென்டாக வாங்கி, கம்பி வேலி போட்டு, பழைய கார் விற்பவருக்கோ நர்சரிக்கோ விட்டுவிடுவது. செலவு குறைவு, தலைவலி குறைவு, வாடகையும் குறைவு. எங்கள் அப்புச்சி காலத்து ஆட்கள் இதற்குச் சம்மதிக்கவே மாட்டார்கள். 1921-ஆம் வருடத்து நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், மனையை வாடகைக்கு எடுத்துத் தன் செலவில் கட்டடம் கட்டியவருக்கு அந்த மனையையே விலைக்குக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வக்கீலை வைத்து ஒப்பந்தம் எழுதினால் ஐந்து வருடத்துக்கு இது மோசமில்லை என்பது என் எண்ணம். இடம் நன்றாக ஏறும் என்று உறுதியாக நம்புகிறவனுக்கு, கட்டடத்தில் பணத்தைப் போடாமல் காத்திருக்க இது ஒரு வழி. கட்டி முடித்த காம்ப்ளக்ஸில் ஒரு கடையை விலைக்கு வாங்குவதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. உங்கள் பங்குக்கு வரும் நிலம் கைக்குட்டை அளவு. பக்கத்துக் கடைகள் மூடினால் உங்கள் கடையும் செத்துவிடும்.

இவ்வளவும் கேட்டால் நான் கடைக்கு எதிரி மாதிரித் தோன்றும். இல்லை. பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை என்று ஏற்கெனவே ஜனம் இறங்கி நடக்கிற இடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கடைதான். "இனிமேல் வரும்" என்கிற கூட்டத்தை நம்பித்தான் கட்டக் கூடாது. மச்சினனை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை அந்த மெயின் ரோட்டு இடத்துக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்காரச் சொன்னேன். வண்டிகளை எண்ண வேண்டாம், நிற்கிற வண்டிகளை மட்டும் எண்ணு என்றேன். ஊருக்குள் வேலை முடித்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களின் இடது கைப்பக்கம்தான் காய்கறியும் பேக்கரியும் ஓடும். காலையில் வேலைக்குப் போகிற பக்கத்தில் டிபன் ஓடும், வேறு எதற்கும் யாரும் நிற்க மாட்டார்கள். இந்த இடம் காலைப் பக்கம். ரோட்டை அகலப்படுத்தி நடுவில் தடுப்பு வைத்துவிட்டால் எதிர்ப்பக்கத்து ஆட்களும் போய்விடுவார்கள். மூன்று மணி நேரத்தில் பதினோரு வண்டி நின்றது. அதில் ஏழு டீக்கடைக்கு.

தேசிய நெடுஞ்சாலையில் இடம் பார்க்கிறவர்களுக்கு இன்னும் ஒரு கண்டம் இருக்கிறது. சாலையின் மையக் கோட்டிலிருந்து 40 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்பது நெடுஞ்சாலைத் துறை விதி. 75 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. சாலைக்கான நிலம் 60 மீட்டர் அகலம் என்றால் பாதி 30 மீட்டர் போக, உங்கள் பட்டா நிலத்துக்குள் இன்னும் 10 மீட்டர், அதாவது 33 அடி, கட்ட முடியாது. 109 அடி நீள இடத்தில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ரோட்டிலிருந்து இடத்துக்குள் வழி வெட்டவும் அனுமதி வேண்டும். நெடுஞ்சாலை என்றதும் எனக்கு 2016 டிசம்பர் 15 தீர்ப்பும் நினைவு வரும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதில், கடையை டாஸ்மாக்குக்கு விட்டு நல்ல வாடகை வாங்கிக்கொண்டிருந்த கட்டடக்காரர்கள் அடுத்த ஏப்ரலில் காலி ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே ஆளை நம்பி அவருக்கென்றே கட்டுவதை நான் தவிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பத்திர விஷயத்தில் இரண்டு இடத்துக்கும் வேலை ஒன்றுதான்: 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, கிராம நிலக் கணக்கான அ-பதிவேடு, பஞ்சமி நிலமோ கோயில் நிலமோ இல்லை என்ற உறுதி. உள்ரோட்டு இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. புரோக்கர் காட்டும் "30 அடி ரோடு" கண்ணுக்குத் தெரியும், காகிதத்தில் இருக்காது. சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தை எடுத்துப் பார்த்தபோது மச்சினனின் முந்நூறு மீட்டரில் இருநூறு மீட்டர் வண்டிப்பாதையாக இருக்கிறது. கடைசி நூறு மீட்டர் ஒரு பெரியவரின் பட்டா நிலத்தில் போகிறது. அவர் நல்ல மனுஷர், இதுவரை யாரையும் தடுத்ததில்லை. அவர் பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். வழி சரியில்லை என்றால் பிளான் அப்ரூவலே நிற்கும்.

அதனால் மச்சினன் இப்போது பேசுவது இடத்துச் சொந்தக்காரரிடம் இல்லை, அந்தப் பெரியவரிடம். நூறு மீட்டருக்கு 30 அடி அகலத்தில் ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர அவர் கேட்பது, தன் களத்துமேட்டுக்குக் காம்பவுண்டு சுவரும் ஒரு கேட்டும். ஏறக்குறைய நாலரை லட்சம் ஆகும் என்று மேஸ்திரி சொல்கிறார். பிள்ளைகள் இருவரும் தீபாவளிக்கு வரும்போது அவர்களும் கையெழுத்துப் போட்டால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். மெயின் ரோட்டுப் புரோக்கர் இன்னும் தினமும் காலை ஏழு மணிக்குப் போன் அடிக்கிறார்.